வாய்தா வாங்கும் சூரியன்: அணுக்கரு இணைவுக்கு எத்தனை காசு?

ஆற்றல் ஆராய்ச்சிக்கென்று ஓர் அரசின் கையில் நூறு காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரிய மின்சாரம், மின்கலம், அணுப்பிளவு உலை, மின்கட்டமைப்பு என்று பலர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரையும்விட உரத்த குரலில், சிறு அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவும் நிற்கிறது. சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் நடத்திக் காட்டுகிறேன், கடல்நீரிலிருந்தே எரிபொருள், கரியமில வாயு கிடையாது, உலை உருகும் பயமும் கிடையாது என்கிறது. அதற்கு எத்தனை காசு கொடுப்பது? கொடுத்தால் எந்த வழிக்குக் கொடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம், ஆனால் கொஞ்சம். அதுவும் புகைப்படத்தில் பிரமாதமாகத் தெரியும் இயந்திரங்களுக்கு அல்ல. இயற்பியல் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. இணைவு நடக்கும் என்பது எப்போதோ நிரூபணமான விஷயம். என் சந்தேகமெல்லாம் நாட்காட்டி மீதும், உலையின் உட்சுவர் மீதும்தான்.

நாட்காட்டியை முதலில் பார்ப்போம். 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஹோமி பாபா. இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுக்குள் வைத்து வெளிக்கொணரும் வழி பிடிபட்டுவிடும் என்று அங்கே அவர் கணித்தார். 1958 ஜனவரியில் பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வகம், ஸீட்டா என்ற தன் இயந்திரத்தில் இணைவு நடந்துவிட்டதாக உலகத்துக்கே அறிவித்தது. சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வெளிவந்த நியூட்ரான்கள் வெப்பத்தில் பிறந்தவை அல்ல, பிளாஸ்மா (எலக்ட்ரான்கள் கழன்றுபோன அதிவெப்ப வாயு) நிலைகுலைந்ததில் பிறந்தவை. 2014இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் லாரியில் ஏற்றிச் செல்லக்கூடிய உலையைப் பத்தே ஆண்டுகளில் தருவதாகச் சொன்னது. 2021இல் சத்தமில்லாமல் திட்டத்தை மூடிவிட்டது. வாய்தா மேல் வாய்தா வாங்கியே வழக்கைத் தலைமுறை தாண்டி இழுப்பவர்கள் உண்டல்லவா, அந்த ரகம்.

பாபா பேசிய அந்தக் காலத்தில் இன்னும் இரண்டு பேர் கிட்டத்தட்ட அதே கோட்டில் நின்றார்கள். 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை வெளியிட்டது. திறன் சுமார் 6 சதவீதம், விலையோ எட்டாத உயரம். அதே ஆண்டு ஜூனில் சோவியத் ஒப்னின்ஸ்க்கில் அணுப்பிளவு உலை ஒன்று மின்கட்டமைப்புக்கு 5 மெகாவாட் கொடுத்தது. சிகாகோவில் முதல் தொடர்வினை நடந்தது 1942 டிசம்பரில். அங்கிருந்து ஒப்னின்ஸ்க்குக்கு 12 ஆண்டுகூட ஆகவில்லை. இணைவோ எழுபது ஆண்டாகியும் ஒரு மின்விளக்கைக்கூடத் தன் சொந்த மின்சாரத்தில் எரியவிட்டதில்லை.

இணைவுக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. 1976இல் அமெரிக்க எரிசக்தி ஆராய்ச்சி அமைப்பு ஒரு திட்டம் போட்டது. ஆண்டுக்கு இவ்வளவு கொடுத்தால் இந்த ஆண்டில் உலை வரும் என்று பல பாதைகளை வரைந்தது. நடைமுறையில் கிடைத்த பணம் அதிலேயே மிகச் சிக்கனமான பாதைக்கும் கீழே போனது. கூலி கொடுக்காமல் வேலை முடியவில்லையே என்று ஏசுவது சரியல்ல என்ற அவர்களின் வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் கிடைத்த இடத்திலும் என்ன ஆயிற்று என்பதை, பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐட்டர் என்ற இணைவு உலையின் கதையில் பார்க்கப் போகிறோம்.

மீட்டர் எங்கே இருக்கிறது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இணைவுச் செய்திகளில் 'போட்டதைவிட அதிகம் கிடைத்தது' என்று வந்தால் எங்கே போட்டது, எங்கே கிடைத்தது என்று கேட்பது நல்லது.

2022 டிசம்பர் 5, கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம். மிளகைவிடச் சிறிய உருண்டை ஒன்று, குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர். ஓடு செயற்கை வைரம். உள்ளே ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் உறைபனியாகப் படிந்திருக்கின்றன. அந்த உருண்டை விரல்நுனி அளவேயான ஓர் உலோகக் குழலின் நடுவே நிற்கிறது. 192 லேசர் கற்றைகள் குழலின் இரு வாய்களிலும் புகுந்து உட்சுவரில் பாய, அங்கிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்கள் உருண்டையை எல்லாப் பக்கமும் ஒருசேர நசுக்குகின்றன. உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். மனிதர்கள் ஆய்வகத்தில் இதைச் செய்தது அதுவே முதல் முறை. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை.

இப்போது இதை மின்கட்டண ரசீதின் மொழிக்கு மாற்றுவோம். 3.15 மெகாஜூல் என்பது ஒரு யூனிட்கூட இல்லை, சுமார் 0.9 யூனிட். அதற்காக லேசர் அமைப்பு மின்இணைப்பிலிருந்து உறிஞ்சியது சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள்; இங்கே சுமைகூலி அதையும் தாண்டிவிட்டது. 2025 ஏப்ரலில் அதே ஆய்வகம் 8.6 மெகாஜூல் எடுத்தது. அதுவும் இரண்டரை யூனிட்டுக்குள்தான்.

பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் காந்தக் கூண்டு வழியிலும் இதே கணக்குதான். பிரிட்டனின் கல்ஹமில் இருந்த ஜெட் (JET) என்ற இணைவு இயந்திரம் 2023 அக்டோபரில் ஒரே ஓட்டத்தில் 69 மெகாஜூல் எடுத்துச் சாதனை படைத்தது. 19 யூனிட். செலவான எரிபொருள் 0.2 மில்லிகிராம்! எல்லோரையும் மயக்குவது இந்த எண்தான், நானும் மயங்கியவன்தான். ஆனால் காந்த வழியில் பிளாஸ்மாவுக்குள் செலுத்திய வெப்பத்துக்கும் வெளிவந்த இணைவுத் திறனுக்குமான விகிதத்தில் உச்சம் இன்றும் 0.67தான். ஜெட் அதைத் தொட்டது 1997இல். பிளாஸ்மாவை நிறுத்தி வைக்கும் நேரம் அதன்பின் நன்றாக நீண்டிருக்கிறது: 2025 பிப்ரவரியில் பிரான்சின் வெஸ்ட் இயந்திரம் 1,337 நொடிகள் பிடித்து வைத்தது. அந்த விகிதம் மட்டும் அசையவில்லை.

இந்த அளவுகோலோடு லேசர் வழியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். மின்நிலையம் என்றால் நொடிக்குப் பத்து உருண்டைகள் வெடிக்க வேண்டும். நாளைக்கு 8.64 லட்சம் உருண்டைகள், ஒவ்வொன்றும் குறையில்லாத வைர ஓடு, விலையோ சொற்ப காசாக இருக்க வேண்டும். தவிர, லிவர்மோர் லேசரின் முதல் வேலை அணு ஆயுதங்களின் நிலையைச் சோதனை வெடிப்பு இல்லாமல் அறிவது. அந்தச் செலவைப் பாதுகாப்புத் துறையே பார்த்துக்கொள்ளட்டும். நம் நூறு காசிலிருந்து இதற்கு எதுவும் இல்லை.

ஐட்டர்: பெரிய தேர், நெடிய வீதி

தெற்கு பிரான்சின் கடராஷில் எழும் ஐட்டருக்கு ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இந்தியா ஆகியவை சேர்ந்து 2006 நவம்பரில் கையெழுத்திட்டன. முதல் பிளாஸ்மா 2016இல் என்றார்கள். பிறகு தேதி தள்ளித் தள்ளி 2025க்குப் போனது. 2024 ஜூலையில் வந்த புதிய அட்டவணைப்படி ஆய்வு ஓட்டம் 2034இல், டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிப்பு 2039இல். கூடுதல் செலவு 500 கோடி யூரோ. தொடக்கத்தில் மொத்தத் திட்டத்துக்கும் போட்ட மதிப்பீடே ஏறக்குறைய அவ்வளவுதான்!

தாமதத்துக்கு என்ன காரணம் என்று போய்ப் பார்த்தால் பிளாஸ்மா இயற்பியலின் ஆழமான புதிர் எதுவும் கண்ணில் படாது. 2022இல் வெளியான குறைகள் இரண்டு. வெற்றிடக் கலனின் பிரம்மாண்டமான துண்டுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட வேண்டிய விளிம்புகளில் அளவு பிசகியிருந்தது. வெப்பத் தடுப்புத் தகடுகளில் பற்றவைத்த குளிரூட்டும் குழாய்களில் விரிசல் விட்டிருந்தது; பற்றவைப்பின் ஓரச் சந்துகளில் தங்கிப்போன குளோரின் எச்சம் எஃகை அரித்ததே காரணம். பொருத்தி முடித்த துண்டையே வெளியே தூக்கிப் பிரிக்க வேண்டியதாயிற்று. பற்றவைப்புப் பட்டறையில் வேலை செய்த எவருக்கும் புரியும் குறைகள் இவை. அதனால்தான் எனக்குக் கவலை அதிகம். மேதைகள் தீர்க்க வேண்டிய புதிர் என்றால் ஒருநாள் ஒரு மேதை வரலாம். விளிம்பு பிசகுவதும் குழாய் அரிப்பதும் அடுத்த உலையிலும், அதற்கடுத்ததிலும் திரும்பத் திரும்ப வரக்கூடியவை.

எல்லாம் சரியாக நடந்தால் ஐட்டர் 50 மெகாவாட் வெப்பம் செலுத்தி 500 மெகாவாட் வெப்பம் எடுக்கும். பத்து மடங்கு என்று பெருமையாகச் சொல்லப்படுவது இதுதான். ஆனால் மொத்த வளாகத்துக்கும் 110 மெகாவாட் மின்சாரம் வேண்டும். ஓட்டத்தின்போது சில நொடிகளுக்கு அது 620 வரை ஏறும். 500 மெகாவாட் வெப்பத்தை மின்சாரமாக்கினால் சுமார் 200 தேறும். ஐட்டரில் மின்னாக்கியே கிடையாது என்பதால் அந்த 200ம் காகிதக் கணக்குதான்.

அப்படியானால் இழுத்து மூடிவிடலாமா? வேண்டாம். பிளாஸ்மா தன் சொந்த வெப்பத்திலேயே நிமிடக்கணக்கில் எரிவதை இத்தனை பெரிய அளவில் பார்ப்பதற்கு வேறு களம் தயாராக இல்லை. கட்டடம் நிற்கிறது, பெரும்பாலான பாகங்கள் வந்துவிட்டன. ஆனால் இதன் முடிவுகளைக் காணுமுன்னே அடுத்த பெரிய செயல்விளக்க உலைக்கு வரைபடம் போட்டுப் பணம் கேட்டால், பிள்ளை பிறக்குமுன் பெயர் வைக்கிற கதைதான்.

சுவரும் டிரிட்டியமும்

எந்த வழியில் போனாலும், டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிபொருளைத் தொட்டவர்கள் எல்லோரும் வந்து முட்டும் சுவர் ஒன்று உண்டு. உவமைச் சுவர் அல்ல, எஃகுச் சுவர். ஒவ்வோர் இணைவிலும் வெளிவரும் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1ஐ நியூட்ரான் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. அதற்கு மின்னேற்றம் இல்லாததால் எந்தக் காந்தக் கூண்டுக்கும் அடங்காது. நேரே போய்ச் சுவரில் பாய்கிறது. எஃகின் அணுக்கள் ஆண்டுக்குப் பல முறை தம் இடத்திலிருந்து தூக்கி எறியப்படும். எஃகுக்குள்ளேயே ஹீலியம் உருவாகிக் குமிழியிடும். உலோகம் வீங்கும், நொறுங்கும் தன்மைக்கு வரும். அப்போது உட்சுவரைக் கழற்றி மாற்ற வேண்டும். கதிரியக்கம் ஏறிய சுவர் என்பதால் உள்ளே மனிதர் போக முடியாது, இயந்திரக் கைகள்தான். அத்தனை நாளும் நிலையம் மூடிக்கிடக்கும். எம்.ஐ.டி.யின் லாரன்ஸ் லிட்ஸ்கி 1983இலேயே எச்சரித்தது இதைத்தான்: உலை வேலை செய்தாலும் மின்நிறுவனங்கள் அதை விரும்பமாட்டா. அவர் வெளியாள் அல்ல, அங்கே இணைவு ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர்.

அடுத்தது எரிபொருள். 'கடல்நீரே எரிபொருள்' என்பதில் பாதி உண்மை. டியூட்டீரியம் கடலில் கொட்டிக்கிடக்கிறது. டிரிட்டியம் இயற்கையில் இல்லையென்றே சொல்லலாம், அரைவாழ்வு 12.3 ஆண்டுகள், சேர்த்து வைத்தாலும் கரையும். உலகில் குடிமைப் பயன்பாட்டுக்கு உள்ள இருப்பு சுமார் 25 கிலோ, பெரும்பகுதி கனடாவின் கனநீர் உலைகளின் உபயம். 1,000 மெகாவாட் இணைவுத் திறன் ஓராண்டு முழுதும் ஓடினால் எரிவது சுமார் 55 கிலோ. ஆக ஒரே ஒரு நிலையம் உலக இருப்பை ஆறு மாதத்தில் தின்று தீர்க்கும். (அந்த இருப்பைத் தந்தவை அணுப்பிளவு உலைகள் என்பதைக் கவனியுங்கள். போட்டியாளரின் வீட்டுப் பானையிலிருந்துதான் சமையலைத் தொடங்க வேண்டும்.)

ஆகவே உலையே தன் டிரிட்டியத்தை விளைவித்துக்கொள்ள வேண்டும். நியூட்ரான் லித்தியத்தில் பட்டால் டிரிட்டியம் பிறக்கும். ஆனால் ஓர் இணைவுக்கு ஒரு டிரிட்டியம் செலவு, கிடைப்பது ஒரே ஒரு நியூட்ரான். அந்த ஒன்று குழாயிலோ தாங்கியிலோ பட்டு வீணானால் கணக்கு நஷ்டம். அதற்காக ஈயமோ பெரிலியமோ வைத்து நியூட்ரானைப் பெருக்க வேண்டும். காகிதத்தில் இது தேறுகிறது. முழு அளவில் எங்கும் எவரும் செய்து காட்டியதில்லை. ஐட்டரிலும் சிறு சோதனைப் பெட்டிகள்தான் வைக்கப் போகிறார்கள்.

தனியார் குதிரைகள்

கடந்த பத்தாண்டில் உருப்படியாக மாறியது, தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்தி நாடா. 2021 செப்டம்பரில் எம்.ஐ.டி.யும் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனமும் புதுவகை நாடாவில் செய்த காந்தம் 20 டெஸ்லா காந்தப்புலத்தைத் தொட்டது. காந்தப்புலம் இரட்டித்தால் அதே பருமனில் இணைவுத் திறன் பதினாறு மடங்கு ஏறலாம். அதனால்தான் 6.2 மீட்டர் ஆரமுள்ள ஐட்டருக்குப் பதிலாக 1.85 மீட்டரில் ஸ்பார்க் என்ற இயந்திரத்தை மாசசூசெட்ஸில் கட்டுகிறார்கள். முதலில் 2025 என்றார்கள், பிறகு 2027 என்றார்கள். இரண்டாண்டு வாய்தா, ஐட்டரோடு ஒப்பிட்டால் மரியாதையான வாய்தா. ஆய்வுக் கட்டுரைகளை வெளிப்படையாக வைத்துவிட்டுத்தான் கட்டுகிறார்கள் என்பதால் எனக்கு இவர்கள் மேல் ஓரளவு நம்பிக்கை உண்டு. ஆனால் கருவி சிறுத்தால் சுவரும் சிறுக்கிறது. அதே நியூட்ரான் வெள்ளம் குறைந்த பரப்பில் இறங்கும். அதாவது முந்தைய பகுதியின் தலைவலி இங்கே கூடுகிறது.

ஹீலியன் நிறுவனத்தின் கதை வேறு. 2028இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு மின்சாரம் தருவதாக 2023 மே மாதம் ஒப்பந்தம் போட்டது. அளவு 50 மெகாவாட். டியூட்டீரியம்-ஹீலியம் 3 எரிபொருள் என்பதால் நியூட்ரான் குறைவு, கொதிகலனும் வேண்டாம் என்கிறது. ஆனால் அந்த எரிபொருள் பற்றிக்கொள்ளத் தேவைப்படும் வெப்பநிலை பல மடங்கு அதிகம். நிகர மின்சாரம் எடுத்துக் காட்டாமலேயே விற்பனை ஒப்பந்தம் போட்டதைச் சிலர் துணிச்சல் என்கிறார்கள். எனக்கு விடிந்தால் கல்யாணம், பிடி வெற்றிலை பாக்கு என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

முதலீட்டாளர் தன் பணத்தைப் போட்டு ஆடட்டும். தோற்றால் அவர் பாடு. பொதுப்பணம் இந்தக் குதிரைகள் மேல் பந்தயம் கட்ட வேண்டியதில்லை. முடிவு கிடைத்தபின் பரிசு தரும் ஏற்பாடு என்றால் யோசிக்கலாம்.

எதிர் வரிசை

இணைவின் உண்மையான போட்டியாளர் நிலக்கரி அல்ல. கரியமில வாயு இல்லாமல் ஏற்கெனவே ஓடும் மற்றவைதான். 1954இல் 6 சதவீதத் திறனோடு புறப்பட்ட சூரிய மின்கலம் 2022இல் உலக அளவில் 10 லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் இருமடங்காயிற்று. 2010இலிருந்து பத்தாண்டில் பலகையின் விலை சுமார் 90 சதவீதம் சரிந்தது. லித்தியம் மின்கலத்துக்கும் ஏறக்குறைய இதே சரிவு. காரணம் எளிது: கோடிக்கணக்கில் செய்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். ஓர் இயந்திரத்துக்கு முப்பது ஆண்டு எடுத்துக்கொள்ளும் துறை எத்தனை முறை தவறு செய்து கற்கும்? சிறிய இயந்திரம் கட்டும் தனியார் வழியின் மிகப் பெரிய தகுதியாக நான் நினைப்பதும் இதைத்தான்: தோற்றாலும் சீக்கிரம் தோற்கும்.

சூரியனுக்கு இரவும் நீண்ட குளிர்காலமும் குறை. அங்கே அணுப்பிளவு வருகிறது. ஆனால் பிளவின் அண்மைக்கால வரலாறு இணைவுக்கு ஒரு கெட்ட செய்தி. ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3இன் கட்டுமானம் 2005இல் தொடங்கியது, 2009இல் முடியும் என்றார்கள், முழுமையாக ஓடியது 2023இல். பிரான்சின் ஃப்ளாமன்வில் 3க்கு 330 கோடி யூரோ என்றது 1,300 கோடியைத் தாண்டியது. இயற்பியல் முழுக்கத் தெரிந்த, நூற்றுக்கணக்கில் கட்டிப் பழகிய உலைகளுக்கே இந்தக் கதி என்றால்? இன்னொன்று: அணுப்பிளவு மின்சாரத்தின் விலையில் யுரேனியத்தின் பங்கு சிறியது. பெரும்பகுதி கட்டடமும் வட்டியும். ஆகவே இணைவின் எரிபொருள் சும்மாவே கிடைத்தாலும் மின்சாரம் மலிவாகிவிடாது.

நூறு காசைப் பிரிப்பது

85 காசு மேலே சொன்ன எதிர் வரிசைக்கு: நீண்ட நேரச் சேமிப்பு, மின்கட்டமைப்பு, பிளவு உலையைக் கால தாமதமின்றிக் கட்டும் கலை. 2050க்குள் கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டம் போடுபவர் இணைவுக்கு நேரே பூஜ்யம் என்று எழுத வேண்டும். வந்தால் லாபம்.

மீதி 15 இணைவுக்கு. அதில் 5 ஐட்டரை முடிக்க, கையெழுத்திட்ட பங்குக்குமேல் ஒரு காசும் இல்லாமல். ஒன்பது காசு யாரும் திரும்பிப் பார்க்காத பட்டறை வேலைக்கு: சுவர் எஃகு, டிரிட்டியம் விளைவிக்கும் லித்தியப் போர்வை, டிரிட்டியத்தைப் பிரித்தெடுத்தல், இயந்திரக் கைகள். ஸ்பெயினின் கிரனாடா அருகே, ஓடும் திரவ லித்தியத்தின்மேல் டியூட்டீரியக் கற்றையைப் பாய்ச்சி இணைவு உலைக்கு இணையான நியூட்ரான்களை உண்டாக்கிப் பொருள்களைச் சோதிக்க ஒரு நிலையம் எழுகிறது. டோகாமாக், ஸ்டெல்லரேட்டர் என்ற இரு காந்தக் கூண்டு வடிவங்களில் எது ஜெயித்தாலும் அங்கே கிடைக்கும் விடை பயன்படும். எல்லா வழியும் தோற்றால்கூட அந்த எஃகு பிளவு உலைகளுக்கு ஆகும்.

கடைசி ஒரு காசு ஒரு பழைய வழக்கத்துக்கு. 1968இல் சோவியத் விஞ்ஞானிகள் தங்கள் டி-3 டோகாமாக்கில் யாரும் எட்டாத வெப்பநிலையை எட்டியதாகச் சொன்னபோது மேற்கில் பலர் நம்பவில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்தும் லெவ் ஆர்ட்சிமோவிச், வந்து நீங்களே அளந்து பாருங்கள் என்று பிரிட்டிஷ் குழுவை அழைத்தார். கல்ஹம்காரர்கள் 1969இல் தங்கள் லேசர் கருவியோடு மாஸ்கோ போனார்கள், அளந்தார்கள், சொன்னது உண்மை என்றார்கள். உலகமே டோகாமாக்குக்கு மாறியது. ஸ்பார்க்கும் ஹீலியனும் தத்தம் நாள் வந்ததும் அறிக்கை விடும்போது, அவர்களிடம் சம்பளம் வாங்காத ஒரு குழு உள்ளே போய், மின்இணைப்பு நுழையும் வாயிலில் ஒரு மீட்டரும் வெளியேறும் வாயிலில் ஒரு மீட்டரும் மாட்டிப் படிக்க வேண்டும். அந்தப் பயணச் செலவுக்கு இந்த ஒரு காசு.